சங்கு ஊதாத ஆறு மணி

6 அக்டோபர் 1958, திங்கள்

இரவு தூறல். காலையில் நின்றுவிட்டது. புழுக்கம் மட்டும் போகவில்லை.

செய்ய வேண்டியவை: நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் திருத்த. அரிசி புடைக்க. அ. சட்டைக்குப் பொத்தான். மேருக்குப் பதில்.

அ. என்றால் வீட்டுக்காரர். கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று கல்யாணத்தன்று அம்மா சொல்லி அனுப்பினாள். எழுதலாமா என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. முதல் எழுத்து போதும், பாவம் பாதியாகக் குறையும்.

பக்கத்து வீட்டு ரோசாலி காலையில் ஒரு செத்த குருவியை முறத்தில் வைத்து எடுத்து வந்தாள். அவள் வீட்டுச் சுவரில் மோதி விழுந்திருக்கிறது. முதுகு பச்சை. தோளில் நீலம். வயிற்றடியில் சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

"அக்கா, இத பாருங்களேன். யாரோ சாயம் பூசி உட்ட மாதிரி இருக்குது."

அ. அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஆறுமணிக் குருவியாம். மழைக்கு முன்னால் வடக்கேயிருந்து வரும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கத்தும். மற்ற நேரம் சருகுக்குள் நடந்துகொண்டிருக்கும், ஆள் கண்ணில் படாது. கொச்சின்சீனில், சைகோன் பக்கம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தபோது காவல் நின்ற இடத்தில் இதே சாதிக் குருவி ஒன்று காலையில் வருமாம். "உசிரோட ஒண்ணு பாக்கணும்" என்றார். அவர் பட்டாளத்திலிருந்து வந்த இந்த இரண்டு வருடத்தில் இவ்வளவு நீளமாகப் பேசியதாக நினைவில்லை. அதுவும் செத்த குருவியிடம்.

மேர் விஷயம், அதாவது மடத்துத் தலைவி அம்மாள் விஷயம். எங்கள் மடத்துப் பள்ளிக்குக் காரைக்காலில் ஒரு கிளை. அங்கே பெரிய வகுப்புக்கு ஆள் வேண்டுமாம். மடத்திலேயே தங்க அறை, சாப்பாடு. விஜயதசமிக்குள் சொல்லிவிடு, வீட்டுக்காரரையும் கேட்டுக்கொள் என்றார் மேர். போனால் திரும்பி வர மாட்டேன். மேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாலையில் கேட்டேன். அ. ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து, "காரைக்காலுக்குக் கூப்புடுறாங்க, போகட்டுமா?" என்றேன். அவர் கை நீட்டி ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான் என் மரியாதை.

பொத்தான் தைத்தாயிற்று. நிறம் சேரவில்லை.


8 அக்டோபர், புதன்

முதல் பயணம். அ. நேற்று விசாரித்து வந்திருக்கிறார். முதலியார்பேட்டை தாண்டி, மில்லுக்குப் பின்புறம் ஒரு பெரிய சவுக்குத் தோப்பு. அங்கே அந்தக் குருவி இறங்கியிருக்கிறதாம்.

"நீயும் வா" என்றார். "நான் ழுமேல்ல பாத்துக்கிட்டு இருப்பேன். கத்துனா எந்தப் பக்கம்னு நீ சொல்லணும்." ழுமேல் என்றால் தூரக்கண்ணாடி, பட்டாளத்திலிருந்து கொண்டு வந்தது. அவர் பார்ப்பார், நான் கேட்க வேண்டும். வேலையைப் பிரித்துக்கொடுப்பதில் பட்டாளத்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பேச்சுத் துணைக்குத்தான் கூப்பிடுகிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். புடவைகூட மாற்றிக்கொண்டேன்.

நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிள். நான் கேரியரில். வழியில் பின்னால் ஒரு லாரி, ஹாரன் மேல் ஹாரன். அ. அசையவில்லை, நடுரோட்டிலேயே மிதித்தார். லாரிக்காரன் ஒதுங்கிப் போகும்போது தலையை நீட்டி, "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினான். வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டியவள் கேரியரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தோப்பு நன்றாக இருக்கிறது. உள்ளே பாதி இருட்டு. கீழே ஊசி ஊசியாகச் சருகு, நடந்தால் மெத்தை. சவுக்கை அ. பிலாவோ என்கிறார். பிரான்சில் பட்டாளத்துப் பயிற்சி கொடுத்த ஊரில் பைன் மரக்காடு உண்டாம், காற்றடித்தால் இதே சத்தமாம்.

ஆறு ஆகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறு ஆனது. மில்லில் சங்கு ஊதியது. தோப்பை ஒட்டினாற்போலவே மில், காது கிழிந்தது. சங்கு நின்றதும் ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணி, பேச்சு, சிரிப்பு. எல்லாம் அடங்கியபோது தோப்பில் ஒன்றுமில்லை.

பார்த்தவை: செண்பகம் 1, தவிட்டுக் குருவி ஒரு கூட்டம், இரட்டைவால் குருவி 2, வால் காக்கை 1 (என்ன திமிர் அதற்கு).

பள்ளிக்குப் பிந்திவிட்டேன்.


10 அக்டோபர், வெள்ளி

மீண்டும் தோப்பு. மீண்டும் சங்கு.

தோப்புக் காவல்காரர் முனுசாமி இன்று எதிரில் வந்தார். "என்னா முசியே, தோப்புல எதனா பொதைச்சி வச்சிக்கிறியா?" என்றார். அ. திரும்பவில்லை. நான்தான் குருவி விஷயத்தைச் சொன்னேன். முனுசாமி அ. முதுகைப் பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"முசியேவுக்கு எம்மேல கோவமா?"

"அவருக்கு எல்லார் மேலயும் அப்பிடித்தான்."

"சீக்கிரம் பாத்துக்குங்கம்மா. ஆயுத பூச முடிஞ்ச மறுநாளு கோடாலி வைக்கிறாங்க. மரம் மொத்தமும் வெறகுக்குப் பேசியாச்சி."

அ.விடம் போய் முன்னால் நின்று இதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. குருவிக்காக வாடுகிற முகம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சல்.

திரும்பும்போது, "எப்பிடிச் சத்தம் போடுது பாரு மரம், ஓயவே மாட்டேங்குது" என்றார். இலை அசையவில்லை. காற்றே இல்லை. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.


12 அக்டோபர், ஞாயிறு

மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போனோம். மில் லீவு, ஊரே தூங்குகிறது. பிரசங்கம் நீளம். அ. வழக்கம்போலக் கண்ணை மூடாமல் சாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்தி என்று ரோசாலி மெச்சுகிறாள். வீட்டில் என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மதியம் வஞ்சிரம். உப்புக் கூடிவிட்டது. அ. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். திட்டியாவது இருக்கலாம்.


14 அக்டோபர், செவ்வாய்

காலைக்குப் பதில் மாலை போய்ப் பார்த்தோம். ஆடு மேய்க்கிறவர்கள், சருகு கூட்டுகிற பெண்கள், ஒரே இரைச்சல். சருகு கூட்டுகிற பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "புருசனும் பொஞ்சாதியும் தெனம் வர்றாங்கடி. வூட்ல எடமில்லியோ என்னமோ." எனக்குச் சிரிப்பு. அ. தூரக்கண்ணாடியில் கொண்டலாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருப்பதில் கெட்டிக்காரர்.

திரும்பும் வழியில் இரண்டாம் தடவை கேட்டேன். கேரியரில் இருந்தபடி, அவர் முதுகைப் பார்த்து. முதுகிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. "காரைக்காலுக்குப் போகட்டுமான்னு கேட்டேனே."

பெடல் மட்டும் கிறீச்சென்றது. எண்ணெய் விட வேண்டும்.


16 அக்டோபர், வியாழன்

விடாத மழை. தோப்பு இல்லை.

மழை பார்த்துக்கொண்டு அ. அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "பால பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். வந்து பார்த்தால் பால் முழுக்கப் பொங்கி அடுப்பே அணைந்து கிடக்கிறது. அவர் அதே இடத்தில்.

"என்னங்க இது!" என்று அவர் எதிரில் போய்க் கத்தினேன்.

திரும்பி அடுப்பைப் பார்த்தார். பதறிப் போய்த் துணியை எடுத்துத் துடைத்தார். கையைச் சுட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற முகம்.

ஒரு மனுஷனுக்கு என் மேல் இத்தனை அலட்சியம் எப்படி வரும் என்று நாளெல்லாம் யோசித்தேன். கல்யாணமான புதிதில் இப்படி இல்லை. லீவில் வந்தபோதெல்லாம் வாய் ஓயாமல் பேசுவார், கப்பல் கதை, சைகோன் கதை. கடைசியாக நிரந்தரமாக வந்தவர்தான் வேறு ஆள். அங்கே யாரோ இருந்திருக்க வேண்டும் என்று ரோசாலி ஒருமுறை சாடையாகச் சொன்னாள். இருக்கலாம்.

வாங்க: சீமெண்ணெய், புளி, நீலம்.


18 அக்டோபர், சனி

தோப்பு. சருகு விலகிய ஈர மண்ணில் அச்சாக மூன்று விரல் தடம். அ. குந்தி உட்கார்ந்து அதைத் தொடாமல் விரலால் அளந்தார். இருக்கிறது, இங்கேதான் இருக்கிறது என்று எனக்கும் மனது அடித்துக்கொண்டது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் குருவியைப் பார்க்காமல் காரைக்கால் போக எனக்கும் இஷ்டமில்லை.

ஆறு மணி. சங்கு. பிறகு ஒன்றுமில்லை.

"சங்கு ஊதுறதுல கேக்க மாட்டேங்குது" என்றார் அ. நானும் அதைத்தான் நினைத்தேன். அது கத்துகிற நேரத்தில்தான் இவர்களும் ஊதுகிறார்கள்.

திரும்பும்போது மூன்றாம் தடவை. இந்தத் தடவை ஒளிக்கவில்லை. "நான் காரைக்காலுக்குப் போறேன். போனா திரும்பி வர மாட்டேன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இருந்துடுறேன்." எதிரில் வந்த தயிர்க்காரி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அ. வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழ வரும் போல இருக்கு" என்றார்.

மாலையில் மேரிடம், "அனேகமா வருவேன் மேர்" என்றேன். மேர் சந்தோஷப்பட்டார். நான் வீட்டுக்கு வந்து பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். அதற்குள் கல்யாணத்துக் கையுறை. யாருக்குக் கொடுப்பது?


20 அக்டோபர், திங்கள்

காலை தோப்புக்குப் போகவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன். அ. தனியாகப் போய், வெறும் கையோடு திரும்பினார். ஒரு பனங்காடை பார்த்தாராம்.

ரோசாலி மாலையில் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. நாளைக்கு ஆயுத பூசை அல்லவா, இயந்திரம் ஒவ்வொன்றையும் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போட்டிருக்கிறார்களாம்.

"சங்குக்குக்கூட மால போட்டாச்சாம்க்கா. அதுவும் நாளைக்கி ஊதக் கூடாதாம். அப்புறம் எப்பிடி நேரத்துல எந்திரிக்கிறது?"

"நாளைக்கு லீவுதானே, ஏன் எந்திரிக்கணும்?"

"ஆமால்ல" என்று சிரித்தாள்.

அவள் போன பிறகுதான் எனக்குப் புத்தியில் பட்டது. மில் ஞாயிறும் ஊதுவதில்லை. ஞாயிறு நாங்கள் பூசைக்குப் போய்விடுகிறோம். மற்ற நாளெல்லாம் தோப்பில் சங்கைக் கேட்கிறோம். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா? ஓடிப்போய் அ. எதிரில் நின்று சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். "நாளைக்கித்தான் கடைசி. போவோம், உனக்குக் கால் வலின்னா மெதுவா மிதிக்கிறேன்" என்றார். மிதிப்பது அவர், கால் வலி எனக்கு.

டிரங்குப் பெட்டியில் பாதி அடுக்கியாயிற்று.


21 அக்டோபர், செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

மழை இல்லை. காற்று இல்லை. வழியெல்லாம் கடைகளில் வாழைக்கன்று, பொரி மூட்டை. தோப்பு வாசலில் முனுசாமி கோடாலிகளைச் சாய்த்து வைத்துக் குங்குமம் இட்டிருந்தார். நாளைக்கு வெட்டப்போகிற மரத்தடியில் இன்று அவற்றுக்குப் பூசை.

தடம் பார்த்த இடத்தில் நின்றோம். அ. எனக்கு முன்னால் இரண்டடி தள்ளி, தூரக்கண்ணாடியோடு. ஆறு ஆனது. சங்கு ஊதவில்லை. அப்படி ஒரு அமைதியை இந்தப் பக்கத்தில் நான் கேட்டதே இல்லை.

அப்போது கத்தியது. விசில் மாதிரி, இரண்டு சுரம். ஒன்று ஏறி ஒன்று இறங்கி. எங்கள் இடதுகைப் பக்கம், கல்லெறிகிற தூரம்கூட இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன்.

அ. திரும்பவில்லை.

மறுபடி கத்தியது. நல்ல சத்தம். தெருவில் கத்தினால் நான்கு வீடு எட்டிப் பார்க்கும். அ. நேர் எதிரே பார்த்துக்கொண்டு, தலையைக்கூடச் சாய்க்காமல் நின்றார். மூன்றாவது முறை. நான் குருவி இருந்த பக்கம் பார்க்கவேயில்லை. அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தூரக்கண்ணாடியை இறக்கினார். என் பக்கம் திரும்பி, "இன்னிக்கும் கத்தலியே" என்றார்.

இடது பக்கம் சருகு அசைந்தது. அவர் கையைத் தொட்டுக் காட்டினேன். வந்தது. பச்சையும் நீலமும் சிவப்புமாக, குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, ஒரு புழுவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அ. மூச்சு விடவில்லை. கன்னத்தில் தண்ணீர் இறங்கியதை அவர் துடைக்கக்கூட இல்லை. அது உள்ளே போய் மறைந்த பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தில் சிரித்த அதே சிரிப்பு.

"பாத்தியா? கத்தாமலே வந்துடுச்சு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் மெதுவாக, "என்னங்க" என்றேன். பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு, ஆயுசில் முதல் தடவையாக, அவர் பெயரைச் சொன்னேன். முழுப் பெயர். நடுரோட்டில், சத்தமாக. "அந்துவான்!"

கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பொரி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மிதித்துக்கொண்டே போனார்.

லாரி. பால். முனுசாமி. சாமியார் முகம். காற்றில்லாத அன்று கேட்ட மரச் சத்தம். ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வீடு வரும்வரை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.


22 அக்டோபர், புதன்

சங்கு மறுபடி ஊதியது. தோப்பில் கோடாலி வைத்திருப்பார்கள். நாங்கள் போகவில்லை.

காப்பியை வைத்துவிட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராக. கத்தாமல், வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக.

"காரைக்கால்ல வேலைக்குக் கூப்புடுறாங்க. போகட்டுமான்னு உங்கள மூணு வாட்டி கேட்டேன்."

"எப்போ கேட்ட?"

"ரேடியோ பக்கத்துல ஒரு வாட்டி. சைக்கிள்ல ரெண்டு வாட்டி."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கக் கூசுகிறார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தேன்.

"சைக்கிள்ல நீ பேசுவியா?" என்றார்.

"பேசிக்கிட்டேதான் வருவேன்."

தம்ளரைக் கீழே வைத்தார். சண்டையின் கடைசி வருடத்தில் பக்கத்தில் குண்டு விழுந்ததாம். அன்றிலிருந்து உள்ளே அந்தப் பைன் காட்டுச் சத்தம்தான், ராப்பகலாக; மில் சங்கு மட்டும் அதைத் தாண்டி லேசாக எட்டுமாம். தோப்புக்குப் போனால் சத்தத்துக்கு ஒரு மரமாவது கண்ணில் தெரிகிறதே என்றுதான் அங்கே போகப் பிடித்ததாம்.

"இது யாருக்குத் தெரியும்?"

"பான்சியோன் எழுதின பட்டாளத்து டாக்டருக்கு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் கத்திப் பேச ஆரம்பிச்சிடுவ. செவிடன் பொஞ்சாதின்னு தெருவுல சொல்லுவாங்க. முகத்தப் பாத்தா பாதி புரியுது, சமாளிச்சிடலாம்னு இருந்தேன்."

கோபம் வந்தது. இரண்டு வருடக் கோபம், அத்தனையும் தப்பான இடத்தில் வைத்திருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காப்பி ஆறிப்போனது.

"போறியா?" என்றார்.

"குருவி நேத்து கத்துச்சு" என்றேன். "மூணு வாட்டி."

எப்படிக் கத்தும் என்று கேட்டார். உதட்டைக் குவித்து விசிலடித்துக் காட்டினேன். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி விசிலடிக்கிறாள் என்று ரோசாலி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். அந்துவான் கையை நீட்டி என் தொண்டையில் வைத்து, இன்னொரு தடவை என்றார்.

மாலையில் மேரிடம் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மேருக்கு வருத்தம். டிரங்குப் பெட்டி மறுபடி பரணுக்கு.

தோப்பின் தெற்குக் கோடியை அடுத்த வாரம்தான் வெட்டுவார்களாம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் போய்க்கொள்ளலாம், விடியலில் தோப்பு. சைக்கிள் வேண்டாம், நடந்தே போகலாம் என்று பேச்சு. நான் வலது பக்கம். அந்தக் காதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம்.